பின்வாசல் படியில் அம்மா

புதுச்சேரி
6 பிப்ரவரி 1983

அன்புத் தங்கை தனக்கொடிக்கு,

அக்கா ஆதிலட்சுமி எழுதிக்கொண்டது. நான் நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை பலராமனும் பிள்ளைகளும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா?

பொங்கலுக்கு நீ அனுப்பிய போட்டோ நேற்றுத்தான் வந்தது. பிள்ளைகள் நன்றாக வளர்ந்துவிட்டார்கள். நீதான் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். அந்தக் கறுப்புக் கோட்டு உனக்கு இரண்டு சுற்றுப் பெரிது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் பெண்டாட்டி, கொஞ்சம் நிமிர்ந்து உட்காரக் கூடாதா என்று போட்டோவைப் பிடித்துத் திட்டினேன்.

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் எலும்பு மெஷினைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கையைத் தண்ணீர்ப் பைக்கு நடுவில் வைத்தால் ஒரு கதிர் எலும்புக்குள் புகுந்து போகுமாம், அதில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து மிச்சம் இருக்கிறது என்று எண் வந்து விழுமாம். தீட்டு நின்ற பெண்களுக்கு அந்தச் சத்து வலியில்லாமல் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே போகிறது, சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. நம் அம்மாவுக்கு வந்ததும் இதுதான், அக்கா நீயும் கோடை லீவில் வந்து கையை வைத்துப் பார் என்கிறாய். டிக்கெட்டுக்கு மாப்பிள்ளை ஏற்பாடு செய்வார் என்கிறாய்.

நான் வரவில்லை, தாயே. அம்மா பஞ்சாலையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவள். நமக்குப் போட்டுவிட்டு அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவள். அவளுக்குக் கூன் விழுந்ததில் அதிசயம் இல்லை. நான் முட்டையும் பாலும் சாப்பிட்டு மின்விசிறிக்கடியில் பாடம் நடத்துகிறவள். எனக்கு ஐம்பத்தைந்து வயதுதான் ஆகிறது. பாரிசுக்குப் போனதும் உனக்கு ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் நோயாளியாகத் தெரிகிறார்கள்.

இங்கே வேறு விதமான தொல்லை. சொன்னால் சிரிப்பாய். வீட்டில் பொருள்கள் இடம் மாறுகின்றன. முகம் பார்க்கும் கண்ணாடியை யாரோ உயர்த்தி மாட்டியிருக்கிறார்கள். நெற்றியும் கண்ணும் தெரிகின்றன, வாய் தெரிவதில்லை. மேல் அலமாரியிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுக்க இப்போது முக்காலி போட வேண்டியிருக்கிறது. பழைய புடவைகள்கூடத் தரையில் புரண்டு கரை கிழிகின்றன. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கரும்பலகையை ஏன் தூக்கி மாட்டினாய் என்று வாட்ச்மேன் கோவிந்தசாமியைக் கேட்டேன். தொடவே இல்லை என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தான். தனியாக இருக்கிற வீட்டில் இதெல்லாம் நடந்தால் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கல்ல. தனக்கொடி, அம்மா வந்திருக்கிறாள்.

பதறாமல் படி. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாடக வகுப்பு என்னுடையது என்று உனக்குத் தெரியும். நாளைக்கு டீச்சராகப் போகிற பெண்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் உடம்பால் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் ஓர் ஊமை நாடகம் வைப்பேன். தினமும் கண்ணால் பார்க்கிற ஒரு வயதான பெண்மணியை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவளாகவே மாறிக் காட்ட வேண்டும். யார் என்று மற்றவர்கள் கண்டுபிடித்துக் கத்துவார்கள். மீன்காரி, கோயில் வாசலில் பூ விற்பவள் என்று எப்போதும் வகுப்பு அமர்க்களப்படும்.

இந்த வருஷம் சேதராப்பட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் கொளஞ்சி என்ற பெண் முதலில் வந்தாள். நல்ல உயரம், கரும்புபோல நிமிர்ந்த உடம்பு. இடது கையைப் பின்னிடுப்பில் கொடுத்தாள். தோள்கள் முன்னால் விழுந்தன. யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பினாள், கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பினாள். நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். எழுந்திருக்கும்போது அந்த 'ம்ம்' என்ற சத்தம். எனக்குச் சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன நம் அம்மா குஞ்சம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

கொளஞ்சிக்கு எதேச்சையாக வந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து நெடுங்காட்டுப் பெண் தையல்நாயகி வந்தாள். அவளும் அதே இடுப்பில் அதே கையை வைத்தாள். கரும்பலகை மேடையில் ஏறப் போனவள் படிக்கு முன்னால் நின்று, அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பிறகு காலைத் தூக்கினாள். அரியாங்குப்பத்து வீட்டின் பின்வாசல் படி முன்னால் அம்மா அப்படித்தானே நிற்பாள்?

மூன்றாவதாக அஞ்சலாட்சி. அவள் மேடையில் கால் தடுக்கி விழப் போனாள். பலகையைப் பிடித்துக்கொண்டாள். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள், புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல நடந்தாள். நமக்குத் தெரியக் கூடாது என்று அம்மா மறைத்த தடுமாற்றம் அது. கடைசியில் அந்தப் பின்வாசல் படியில்தான் அவள் இடுப்பு ஒடிந்தது.

வகுப்பில் ஒருத்திகூடக் கத்தவில்லை. யார் இது என்று கேட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜன்னல் கதவு கடல் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

அம்மாவுக்கு ஏதோ குறை இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படையல் போடப் போகிறேன். நீயும் அங்கே ஒரு விளக்காவது ஏற்று. அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

உன் அக்கா,
ஆதிலட்சுமி


புதுச்சேரி
20 பிப்ரவரி 1983

தனக்கொடி,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். இன்னொரு கவர் வாங்க வைத்துவிட்டாள் அம்மா.

படையல் போட்டேன். இலையில் எல்லாம் அவள் வைக்கிற மாதிரியே வைத்தேன். கும்பிட்டு எழுந்திருக்கும்போது 'ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்டது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. பக்கத்து வீட்டு ஆதிமூலம் பெண்டாட்டி வந்து கதவைத் தட்டும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். இந்தக் கிழவியை எங்கே பார்த்தீர்கள், ஹாஸ்டலில் பார்த்தீர்களா, எந்த ஜன்னலில் வந்து நிற்கிறாள், என்ன கேட்கிறாள், சொல்லாதவள் வெளியே போகலாம் என்று மேஜையைத் தட்டினேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. கொளஞ்சி அழ ஆரம்பித்துவிட்டாள். "கோச்சுக்காதீங்க டீச்சர். தெனம் பாக்குற வயசானவங்கள செய்யச் சொன்னீங்க. ஹாஸ்டல்ல எங்களுக்கு வேற யாரு இருக்காங்க? உங்களப் பாத்துத்தான் டீச்சர் செஞ்சோம்" என்றாள்.

சிரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். போய்த் தொலைங்கடி என்று சொல்லிவிட்டு, எழுதுவதற்காக மேடைப் பக்கம் திரும்பினேன். தனக்கொடி, என் கழுத்து திரும்பவில்லை, உடம்புதான் திரும்பியது. படிக்கு முன்னால் என் கால் தானாக நின்றது. நான் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் இடது கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கார்த்திகை மாதத்தில் அந்த மேடையில் ஒரு தரம் கால் தடுக்கிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சலாட்சி முன் பெஞ்சில் உட்காருகிறவள்.

வீட்டுக்கு வந்து முக்காலி போட்டு ஏறிக் கண்ணாடி மாட்டிய ஆணியைப் பார்த்தேன். ஏழெட்டு வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை அதைச் சுற்றி ஏடு ஏடாக உறைந்திருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. ஒன்றும் இடம் மாறவில்லை. இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு ஒரு வலியும் இல்லாமல், என் அனுமதி இல்லாமல், அம்மா எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆண்டு விழா நாடகத்தில் கொளஞ்சிக்கே அந்தக் கிழவி வேஷத்தைக் கொடுத்துவிட்டேன். பயப்படாமல் செய், நன்றாகப் பார்த்துச் செய் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் டீச்சரை எப்படிப் பார்ப்பார்கள் என்று இத்தனை வருஷமாக நான்தானே பாடம் நடத்தினேன். நான் மட்டும் பார்க்கவில்லை.

மே மாதம் வருகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லி டிக்கெட் போடு. உன் மெஷினில் கையை வைக்கிறேன். என்ன எண் வந்தாலும் நீயே என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல். போனது திரும்பி வருமா, இருப்பதையாவது நிறுத்தி வைக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வை. ஒன்றும் செய்ய முடியாது என்றாலும் பரவாயில்லை, உன்னை ஒரு தரம் பார்த்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று. நேற்றெல்லாம் நீ அனுப்பிய போட்டோக்களை எடுத்துப் பரப்பி வைத்துப் பார்த்தேன். எண்பதாம் வருஷத்திலிருந்து எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கிறாய். எல்லாவற்றிலும் அந்தக் கோட்டு. உன் இடது கை ஒன்றிலும் தெரியவில்லை, முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது. தினமும் எத்தனையோ பெண்களின் கையை அந்த மெஷினில் வைக்கிறாய். உன் கையை வைத்தாயா என்று நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. எனக்கு ஏன் அப்படிக் கெஞ்சி எழுதினாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

எனக்கு ஒரு போட்டோ அனுப்படி. கோட்டு இல்லாமல், புடவை கட்டி, சுவரோரமாக நிற்கிற போட்டோ. உனக்குக் கோடி புண்ணியம்.

நம் அம்மாவின் ஆயுசையும் சேர்த்து நீ நிமிர்ந்து வாழ வேண்டும்.

உன் அக்கா,
ஆதிலட்சுமி