இனி வரமாட்டார் என்று ஒரு கட்டம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் வீடும் சௌக்கியம், சமையலறைக் குழாய் மட்டும் ஒழுகுகிறது. நீ சௌக்கியமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, நீ நிரல் எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் உன் ஓப்பன் சோர்ஸ் பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடுகிறது. வேலை செய்த நாளுக்கெல்லாம் அதில் ஒரு பச்சைக் கட்டம் விழுகிறதே, ஞாயிற்றுக்கிழமைகூடப் பச்சையாக இருக்கிறது, சரி, மகள் உயிரோடும் உற்சாகத்தோடும் இருக்கிறாள் என்று நான் காப்பி போடப் போய்விடுவேன். நான் போன் செய்தால்தான் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது.

இந்தத் தடவை கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் உன் நூலக சாஃப்ட்வேருக்கு மூக்குக்கண்ணாடி என்ற பெயரில் யாரோ நாலு வரி நிரல் எழுதி அனுப்பினார்களே, நீகூட விழுந்தடித்துக்கொண்டு பதில் போட்டாயே, அந்த மூக்குக்கண்ணாடி நான்தான். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அவருடைய போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். மாதம் பிறந்தால் முதல் தேதி காலை பத்து மணிக்கு எங்கள் நூலகத்திலிருந்து, அதாவது நான் உட்கார்ந்திருக்கும் மேஜையிலிருந்தே, உன் சாஃப்ட்வேர் அந்தப் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறது, வெகுநாளாக உங்களைக் காணோமே, நூலகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று. இதை உன்னிடம் மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் “அப்புறம் பாக்கறேம்மா” என்றாய். நூலகத்துக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வருகிறவரிடம் புலம்பினால், “உங்க பொண்ணு எழுதினதுதானே மேடம், அவங்ககிட்டயே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்” என்று சிரிக்கிறார். பெற்றவளுக்கு வழியில்லை, முன்பின் தெரியாதவர்களுக்கு வாசல் திறந்திருக்கிறது என்று புரிந்ததும் நானும் அந்த வாசலுக்கே வந்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்று நீதானே பெருமையடித்துக்கொண்டாய்.

பழுது பார்க்கிறவர் இரண்டு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். உறுப்பினர் படிவத்தில் இனி வரமாட்டார் என்று ஒரு கட்டம், அதில் டிக் அடித்தால் மெசேஜ் போகாது, அவ்வளவுதான். மெசேஜ் அனுப்புகிற இடத்துக்கு மேலேயே நீ ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறாய், தற்காலிக ஏற்பாடு, அப்புறம் சரி செய்ய வேண்டும் என்று, தேதி பார்த்தால் நாலு வருஷம் ஆகிறது. என்னிடம் மட்டும்தான் அப்புறம் சொல்கிறாய் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன், கம்ப்யூட்டரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாய் என்று தெரிந்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

அனுப்பின உடனே, வருகிற நிரலையெல்லாம் தானாகச் சரிபார்க்கிற உன் ரோபோ வந்து வரிக் கடைசியில் ஒரு இடைவெளி அதிகம் என்று சண்டைக்கு நின்றது. நாற்பதாவது நிமிஷம் நீ வந்தாய். மூக்குக்கண்ணாடி அவர்களே, உங்கள் நேரத்துக்கும் உழைப்புக்கும் மனமார்ந்த நன்றி என்றாய். முப்பத்திரண்டு வருஷமாக என் நேரமும் உழைப்பும் எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டே, நீ படிக்கச் சொன்ன கையேட்டைப் படித்தேன், பதினாலு பக்கம். புதியவர்களிடம் பொறுமையாகப் பேசுவோம், எந்தக் கேள்வியையும் அற்பமாக நினைக்கமாட்டோம் என்று அதில் எழுதியிருப்பது நீதானா என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், நீதான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் அனுப்ப வேண்டும் என்றாய், நான் கையோடு மெசேஜின் வாசகத்தையும் மாற்றியிருந்தேன், அது என் தப்பு, எடுத்துவிட்டேன். கட்டம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை நிரலும் எழுதச் சொன்னாய், எழுதினேன்.

ஆனால் கடைசியில் ஒன்று கேட்டாயே, இது உண்மையில் தேவையா, இப்படிப்பட்ட உறுப்பினரை அழித்துவிடலாமே என்று. அதைப் படித்ததும் எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. நீ தெரியாமல் கேட்டாய், ஆனாலும் கோபமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். உறுப்பினரை அழித்தால் அவர் எடுத்த புத்தகங்களின் பட்டியலும் சேர்ந்து அழிந்துவிடும், அப்படி எழுதி வைத்தவளும் நீதான். அப்பாவுடையது முப்பத்தைந்து வருஷப் பட்டியல், பழைய பதிவேடுகளைப் பார்த்து நான் ஒவ்வொன்றாக ஏற்றியது. கடிகாரம் பழுது பார்க்கிற புத்தகத்தைப் பதினொரு தடவை எடுத்திருக்கிறார் மனுஷர், ஹால் கடிகாரம் இன்றைக்கும் ஓடவில்லை. நீ பிறந்த வாரம் குழந்தை வளர்ப்பு பற்றி மூன்று புத்தகம், ஒரே நாளில், மூன்றையும் படித்துத்தான் உன்னை இந்த லட்சணத்தில் வளர்த்திருக்கிறார். நீ கம்ப்யூட்டர் படிக்கப் போன வருஷம் ஒரு கம்ப்யூட்டர் புத்தகம், ஐந்து தடவை நீட்டிப்பு வாங்கியிருக்கிறார், நீ பேசுவதில் பாதியாவது புரியட்டும் என்றுதான். இதையெல்லாம் எப்படியம்மா அழிப்பது, நீயே சொல்.

குழாயை உன் தம்பி அப்புறம் பார்க்கிறானாம், அக்காவுக்குத் தப்பாத தம்பி. முதுகு வலிக்கிறது என்றாயே, மணிக்கொரு தரம் எழுந்து நட, உலகத்தில் உள்ள அத்தனை நூலகமும் ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளும்.

திருத்தின நிரல் உன் பார்வைக்காகக் காத்திருக்கிறது. அம்மா அனுப்பியது என்பதற்காகச் சேர்க்காதே, தப்பிருந்தால் சொல், திருத்தித் தருகிறேன். சேர்த்ததும் முதல் டிக்கை நானே அடிப்பேன். ஆனால் ஒன்று, எட்டு மாதமாக அந்த மெசேஜைத் திட்டிக்கொண்டே பத்து மணிக்குக் காத்திருந்து பழகிவிட்டது. அதுவும் நின்றுவிட்டால் அந்தப் போனில் அவரைத் தேட ஆளில்லை, அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

உடம்பும் முதுகும் நன்றாக இருந்து, நீ நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும், அதுதான் என் ஆசி. முதல் தேதி காலை பத்து மணிக்கு அப்பாவின் நம்பருக்குக் கூப்பிடு, நான் எடுக்கிறேன். அந்த நம்பரை நீயும் அழித்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மூக்குக்கண்ணாடி அவர்கள்