இறக்கை உதிர்ந்த அந்துப்பூச்சிகள்

மார்ச் 3
அக்கா வீட்டுக்காரரின் தானியக் குடோனிலிருந்து ஆறு அந்துப்பூச்சிகள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருக்கின்றன. பார்த்தால் உள்ளூர்ப் பூச்சி. ஆனால் தடை செய்யப்பட்ட வெளிநாட்டுப் பூச்சிக்கும் இதே சாம்பல் இறக்கைதான். ஆணின் வயிற்று நுனியில், பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகளைப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். வெளிநாட்டுப் பூச்சியென்றால் சரக்கு முழுவதையும் எரிக்க வேண்டும்.

"சொந்தக்காரங்க சரக்கு சார், வேற யாராவது பாக்கட்டும்."

"வயித்தைப் பிரிக்கத் தெரிஞ்சவ இங்க நீ ஒருத்திதாம்மா" என்றார் அதிகாரி.

மார்ச் 4
எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து அத்தான் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "உள்ளூர்ப் பூச்சின்னு எழுதிட்டுப் போயேன்." முடியாது என்றேன். பூச்சிப் பெட்டியைத் தரையில் போட்டு மிதித்தார்; ஆறும் கூழ். பிறகு என் வலது கையை மேசை இழுப்பறைக்குள் வைத்து அறைந்து மூடினார். நிதானமாக. இரண்டு முறை.

"இனிமே எதை வச்சு எழுதுவ?"

இரண்டு விரல்கள் முறிவு. டாக்டர் கேட்டதற்கு மாடிப்படியில் விழுந்தேன் என்றேன். பன்னிரண்டு வருடமாக அக்கா சொல்லும் அதே பொய். எனக்கும் ஏன் வாய் வரவில்லை?

மார்ச் 5
இடது கையால் கோழிக் கிறுக்கலாக எழுதுகிறேன். புது மாதிரி எடுக்கப் போனவர்களுக்குக் குடோனைத் திறக்கவில்லை. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை லாரிகள் கிளம்பும்; அறிக்கை இல்லாமல் நிறுத்த முடியாது. அந்த ஆளைக் கொல்லணும் போல இருக்கு. சும்மா எழுதவில்லை. எங்கே அடித்தால் எழுந்திருக்க மாட்டார் என்றுகூட யோசித்தேன்.

மார்ச் 6
அக்கா ஆய்வகத்துக்கு வந்தாள். உதடு கிழிந்திருந்தது. "குடோன் சாவியைத் திருப்பி வைக்கும்போது பாத்துட்டார்." கைக்குட்டையைப் பிரித்தாள். ஐந்து பூச்சிகள். இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததில் இறக்கையெல்லாம் பொடி.

"உதிர்ந்து போச்சேடி. ஆகுமா?"

"வயிறு இருந்தா போதும்க்கா."

இடுக்கியைப் பிடிக்க என் கை வரவில்லை. அவளையே உட்கார வைத்தேன். வயிற்றை முறித்து, சதை கரைய பொட்டாஷ் கரைசலில் சுடவைத்து, செதிலைத் தூரிகையால் தள்ளி, ஊசியால் கிழிக்க வேண்டும். முதல் இரண்டை நசுக்கிவிட்டாள். மூன்றாவது பெண் பூச்சி, உதவாது.

"மெதுவாக்கா, அது அத்தான் கழுத்து இல்ல."

சிரித்தாள், உதட்டில் மறுபடி ரத்தம். நான்காவது வயிற்றில் கொக்கிகள் தெளிவாகத் தெரிந்தன. வெளிநாட்டுப் பூச்சி. அதிகாரியும் லென்ஸில் பார்த்துத் தலையாட்டினார்.

"எழுதினா சரக்கெல்லாம் சாம்பல்க்கா. உனக்கும் ஒண்ணும் மிஞ்சாது."

"நான் மிஞ்சியிருக்கேன்ல. எழுதுடி."

மார்ச் 7
எரித்தார்கள். அக்கா என் வீட்டில்.

மார்ச் 9
காலையில் அத்தான் வந்து கதவை உதைத்தார். தாழ்ப்பாள் தெறித்தது. உள்ளே வந்ததும் அக்காவின் தலைமுடியைத்தான் பிடித்தார். நான் கத்தியைத் தேடுவதற்குள் அவள் இரும்புத் தோசைக்கல்லை எடுத்து அவர் முழங்கையில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

அவர் தரையில் புரண்டுகொண்டிருக்கும்போதே போலீஸுக்குப் போன் செய்தாள். "என் வீட்டுக்காரரை நான்தான் அடிச்சேன். கை முறிஞ்சிருக்கு, வாங்க." விலாசத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அப்புறம் போனை என்னிடம் நீட்டினாள்.

"உன் விரலை உடைச்சது யாருன்னு நீ சொல்லு."

சொன்னேன்.