மேகசினில் இருக்கார்

என் வீட்டு மேலதிகாரிக்கு,

பெரியவள் வீட்டுக்குப் போகும்போது நீ விட்டுப்போன கணவன் அன்பும் பயமும் கலந்து எழுதுவது. நானும் சின்னவளும் நலம். அடுப்புதான் கொஞ்சம் நலமில்லை. பேரனுக்குச் சளி குறைந்ததா? பெரியவளை நன்றாகத் தூங்கச் சொல்.

இனி விஷயம். சின்னவளுக்குப் பேசியிருக்கும் பையனின் அப்பாவிடம் போனில் என்ன சொல்லித் தொலைத்தாய்? "எங்க வீட்டுக்காரர் மேகசின்ல இருக்கார்." வாஸ்தவம்தான். ஆனால் அது ரைஃபிளுக்கு அடியில் மாட்டுகிற, தோட்டா அடுக்குகிற மேகசின் செய்யும் தொழிற்சாலை என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதா, தாயே? மனுஷர் என்னைப் பத்திரிகை ஆசிரியர் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுக் கவிதையோடு வந்து இறங்கிவிட்டார்.

எனக்கு அது எங்கே தெரியும்? "ஒண்ணுல எத்தனை போடலாம்?" என்றார். "முப்பது," என்றேன். கவிதைக் கட்டை ஆசையாகத் தடவிக்கொண்டார். நான் விடுவேனா? முன்பெல்லாம் இரும்பு, துருப்பிடிக்கும். அப்புறம் அலுமினியம், விழுந்தால் வாய் நெளியும். இப்போது பிளாஸ்டிக் என்று அளந்தேன். "காகிதமே கிடையாதா! காலம் மாறிப்போச்சு சம்பந்தி," என்றார். கோணலாக வந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன் என்றதும் முகம் சுருங்கிப் போயிற்று.

பிறகு தொண்டையைச் செருமி முதல் கவிதையை வாசித்தார். தலைப்பு, 'துப்பாக்கியே, தூங்கு.'

அவர் என்னைப் பத்திரிகைக்காரன் என்று நினைத்திருப்பது அப்போதுதான் உறைத்து, எனக்குக் காபி புரையேறியது. கதவோரம் நின்ற சின்னவளைப் பார்த்தேன். இந்தப் பையன் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்றவள் அல்லவா? முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரம் பார்த்தா அவர் மேஜையில் காகிதம் பறக்காமல் நான் வைத்திருந்த கழித்துப்போட்ட மேகசினை எடுக்க வேண்டும்? "விருதா?" என்று கேட்டபடியே அடித்தட்டை இழுத்துவிட்டார். உள்ளேயிருந்த ஸ்பிரிங் பாய்ந்து, அவர் கண்ணாடியைத் தட்டி, காபியில் குதித்தது. அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சட்டையில் காபி சொட்டியது. "தோட்டாவும் நீங்கதான் செய்யறீங்களா?" என்றார். "இல்லீங்க, வெறும் காலி டப்பாதான்," என்றேன்.

"அப்பா எப்பவுமே காலி டப்பாதான், மாமா," என்றாள் உன் மகள்.

சிரித்தார் பார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்! அந்தச் சூட்டோடு சூடாக, "உங்க கவிதை நம்ம பத்திரிகையில கட்டாயம் வரும்," என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகையில்தான். கவிதை நீளத்துக்கு மணமக்கள் பேரைப் பின்பக்கம் போட வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் வந்துவிடு. பெண்ணின் அப்பா என்ன வேலை என்று நீதான் சொல்ல வேண்டும். இந்த முறை முழுசாகச் சொல். இன்னொன்று. ஸ்பிரிங் அமுங்கியே கிடந்தால் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அமுக்கி அமுக்கி விட்டால்தான் தளரும். நீயும் ஒவ்வொரு போனிலும் "அடுத்த வாரம் வர்றேன்" என்கிறாய்.

தளர்ந்துகொண்டிருக்கும்,
உன் காலி டப்பா