பதினைந்தாம் பந்தும் பதினெட்டுக் கிண்ணங்களும்

லா பாஸ், இலோயிலோ
3 ஜூன் 2019

அன்புள்ள பாரே மெல்சோருக்கு,

கிரிசாந்தோ எழுதுகிறேன். உறையின் பின்புறம் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால் அதற்கே முதல் நன்றி. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். என் மனைவி நேனிதாவுக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருடமாகிறது. ஆனாலும் என்னைத் திட்டும் சக்தி குறையவில்லை. என் மகள், உன் ஞானமகள் எவாஞ்சலின் ஜெத்தாவில் நர்ஸ், இரண்டு பிள்ளைகள். அவளால்தானே நாம் ஒருவருக்கொருவர் பாரே ஆனோம். ஞானத்தகப்பன் எங்கே இருக்கிறார் என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

உன் ராட்டர்டாம் முகவரி உன் மகனிடமிருந்து கிடைத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நம் பில்லியர்ட்ஸ் ஹாலுக்கு ஒருவன் வந்தான். பெயர் ஜுன்ஜுன், கிம்பாலில் உரம் விற்பவன் என்று சொல்லிக்கொண்டான். வந்ததும் இரண்டு ஆட்டம் தோற்றான். பையன்களுக்கு ஒரே குஷி, இளிச்சவாயன் கிடைத்தான் என்று. நான் வழக்கம்போல் புள்ளி எழுதும் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் குனிந்து இடது கையைத் துணிமேல் ஊன்றியபோது சுண்டுவிரல் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் அப்படி நிற்கும். வெளியே கூட்டிப்போய், "நீ மெல்சோர் பலாப்ரிகா மகன்தானே?" என்றேன். சிரித்துவிட்டான். "உரம் விக்கிறது மட்டும் நெசம், தியோ. பேரு அன்செல்மோ" என்று எடுத்த எடுப்பிலேயே என்னை மாமா ஆக்கிவிட்டான். உன் போன் நம்பரைக் கேட்டால் தரவில்லை. "அப்பா தெரியாத நம்பர எடுக்க மாட்டாரு. கடுதாசின்னா படிக்காம போட மாட்டாரு" என்றான். அதனால்தான் இத்தனை வருடம் கழித்துப் பேனா பிடிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கோலோட்காரர்கள் பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை படகேறி வருகிறார்கள். பழையபடி ஊருக்கு ஊர் பந்தயம். நம் பக்கம் ஆட இப்போது உன் மகன் செல்மோவை விட்டால் ஆளில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் யார் மகன் என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெருவுக்கே அண்ணனான மனோங் இக்மே இன்னும் முடிதான் வெட்டுகிறார், கை நடுங்குவதால் காதுப்பக்கம் மட்டும் யாரும் தலை கொடுப்பதில்லை. அவர் ஹால் நடுவில் நின்று, "அந்த ரத்தத்து மேல ஒத்தப் பெசோ வைக்க மாட்டேன். அப்பன் நம்மள வித்தான், மகன் விக்க எத்தன நாளாகும்?" என்று கத்தினார். செல்மோ மேசைக்கு அந்தப் பக்கம் கோலைத் துடைத்துக்கொண்டே நின்றான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீதானே அவன் கூடவே திரிஞ்ச? நீ சொல்லு. வித்தானா, இல்லையா? இல்லன்னு சொல்லு, காசு வைக்கிறோம்" என்றார் இக்மே. புள்ளிப் பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டேன் பாரே. எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. இருபத்து மூன்று வருடமாகத் தெரியவில்லை.

நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாயோ, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

நாம் இருவரும் ஊர் ஊராகப் போய், ஆடத் தெரியாதவன் போல நீ தோற்று, பந்தயம் ஏறியதும் ஜெயித்த நாட்களிலிருந்துதான் என் குழப்பமே தொடங்குகிறது. ஹாரோவில் நீ ஐஸ் வண்டிக்காரன் வேஷத்தில் போனாய். உருகிய ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆடி, முதல் மூன்று ஆட்டம் தோற்றாய். நான் யாரோ போலக் கூட்டத்தில் நின்று, "இவனுக்கெல்லாம் எதுக்குடா கோலு, போய் ஐஸ் வித்துப் பொழைக்கச் சொல்லுங்க" என்று கேலி செய்தேன். சீன வியாபாரிகள் கிளப்பில் ஊருக்கே ஒரே ஸ்னூக்கர் மேசை இருந்ததே, அதில் துடைப்பக் கட்டையால் ஆடுகிறேன் என்று பந்தயம் கட்டி மிஸ்டர் உய்யின் கைக்கடிகாரத்தை ஜெயித்தாய். அவருக்குக் கோபமே வரவில்லை. மறுநாள் இன்னொரு கடிகாரம் கட்டிக்கொண்டு வந்து, "இதுக்கும் ஆடுவியா?" என்றார்.

வேண்டுமென்றே தவறவிடுவதில் உன்னைப் போல ஒருவனை நான் பார்த்ததில்லை. பந்து குழியின் உதடு வரை போய் நின்றுவிடும். பார்க்கிறவன் ஐயோ என்பான். ஆனால் எனக்கு மட்டும் தெரியும். பொய்யாகத் தவறவிட்டால் உடனே வலது காது மடலைப் பிடித்து இழுப்பாய். அது எனக்கான சைகை, கவலைப்படாதே என்று அர்த்தம். இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீ ஒரு நாளாவது வாய்திறந்து அப்படிச் சொன்னாயா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

தொண்ணூற்றாறு, மே மாதம், மதியம் மூன்று மணி. கரண்ட் இல்லை, காற்றாடிகள் நின்றுவிட்டன, ஜன்னல்களில் ஆட்கள் தொங்கினார்கள். பக்கோலோட் ஆள் செருப்புக் காலோடு ஆடினான். ஆட்டம் பத்துக்குப் பத்து. கடைசி ஆட்டத்தில் நீ ஐம்பத்தைந்து புள்ளி, அவன் ஐம்பது. மேசையில் பதினைந்து புள்ளிக்கான பதினைந்தாம் பந்து மட்டும். அதைப் போட்டவனுக்கு எல்லாம். பந்து நடுக்குழியின் வாயில் உட்கார்ந்திருந்தது, நேனிதா கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். தெருவே உன்மேல் கட்டியிருந்தது. என் வீட்டுக் கூரைத் தகரத்துக்கு வைத்திருந்த பணமும் அதில் இருந்தது. நீ அடித்தாய். பந்து உதட்டில் தட்டி நின்றது. செருப்புக்காரன் வந்து தள்ளிவிட்டான்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஐந்து நிமிடம் கழித்து தெருவுக்கே அக்காவான மனாங் பாசிங் கடையிலிருந்து பாச்சோய் வந்தது. பதினெட்டுக் கிண்ணம் நூடுல்ஸ் குழம்பு, ஈரலும் முறுகிய பன்றித் தோலும் மிதக்க, ஆவி பறக்க. "எல்லாரும் சாப்பிடுங்க. இன்னிக்கு என்னுது" என்றாய். நம் ஊரில் ஜெயித்தவன்தான் சுற்றி நிற்பவர்களுக்கு ஜெயித்த காசில் பலாத்தோ கொடுப்பான். கொடுக்காமல் போனால் அந்தக் காசு தங்காது. தோற்றவன் கொடுத்து யார் பார்த்திருக்கிறார்கள்? அப்படியென்றால் நீ ஜெயித்திருக்கிறாய். தோற்றதில் ஜெயித்திருக்கிறாய். என் மூளைக்கு அதற்குமேல் எட்டவில்லை.

அன்று காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. இருந்தும் கிண்ணத்தை முதலில் தள்ளியது நான். நானே தள்ளியதைப் பார்த்து மற்றவர்களும் தள்ளினார்கள். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பிறகு கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஒரு வாரத்தில் கப்பலேறிவிட்டாய் என்று கேள்விப்பட்டோம். கப்பல் வேலைக்காக நாம் இருவரும் ஒரே ஏஜென்டிடம் காகிதம் கொடுத்து இரண்டு வருடம் காத்திருந்தோமே, உனக்கு மட்டும் எப்படித் திடீரென்று கிடைத்தது? ஆட்டத்தை விற்ற பணத்தைக் கட்டி ஏறிவிட்டான் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அன்று காதைத் தொட்டாயா பாரே? சில நாள் தொட்டதாகத் தெரிகிறது. விரல் மடலைப் பிடிப்பது அப்படியே கண்ணில் நிற்கிறது. சில நாள் உன் இரண்டு கையும் கோலின் மேலேயே இருக்கிறது. என் தலைக்குள் இரண்டு மெல்சோர் நிற்கிறீர்கள். எது நீ?

ஞாயிற்றுக்குள் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் எழுது. கடவுள் உன்னைக் குளிரிலிருந்து காப்பாற்றட்டும்.

உன் பாரே,
கிரிசாந்தோ


லா பாஸ், இலோயிலோ
17 ஜூன் 2019

அன்புள்ள பாரே,

முதல் கடிதம் இன்னும் மணிலாவைத் தாண்டியிருக்காது. இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தால் இதை இரண்டாவதாகப் படி. முதலில் இதைப் படித்துவிட்டால் அதைப் படிக்காமலே அடுப்பில் போடு, எனக்கு வெட்கம் மிஞ்சும்.

வியாழக்கிழமை மனாங் பாசிங் கடையில் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயதாகிறது. மகள்தான் கடையைப் பார்க்கிறாள், ஆனால் குழம்பு ருசி பார்ப்பது இன்னும் இவர்தான். சும்மா பேச்சுவாக்கில், தோற்ற கையோடு பதினெட்டுக் கிண்ணம் சொல்ல மெல்சோருக்கு எப்படி மனது வந்தது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று எழுதுவேன்.

"தோத்த கையோடயா? காலைல பத்து மணிக்கே காசு குடுத்துட்டுப் போயிட்டானே" என்றார்.

ஆட்டத்துக்கு முன்னாலேயே காசு கொடுத்தாய் என்றால்? ஜெயிப்போம் என்ற திமிரா? இல்லை, செருப்புக்காரன் காலையிலேயே கொடுத்த பணமா? இக்மேயிடம் சொன்னேன். அவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "முன்னாடியே கை நெறஞ்சாத்தானே முன்னாடியே செலவு பண்ணுவான்! நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். தெளிவு தேடிப் போய் இன்னும் குழம்பி, அன்று முழுதும் நேனிதாவிடம் சரியாகப் பேசக்கூட இல்லை.

மறுநாள் மனாங் பாசிங் தானே ஹாலுக்கு வந்துவிட்டார், கையில் அகப்பையோடு. இக்மே சொன்னது காதுக்குப் போயிருக்கிறது. ஆட்டம் நடந்துகொண்டிருந்த மேசைமேல் அகப்பையால் ஒரு போடு போட்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவனுக்கு அன்னிக்குக் காலைலதான் கப்பல் கெடச்சுது. ஏஜென்டு ஆபீஸ்லேருந்து நேரா எங்கிட்ட வந்தான். பதினெட்டுக் கிண்ணம், ஆட்டம் முடிஞ்சதும் அனுப்பு, ஜெயிச்சாலும் தோத்தாலும் அனுப்புன்னான். யாருக்கும் சொல்லிடாத மனாங், அவங்க சாப்பிடும்போது நானே சொல்றேன்னான். கிரிசாந்தோ காகிதத்தத் திருப்பி அனுப்பிட்டாங்க, அவன் மொகத்தப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு தெரியல, வயிறு நெறஞ்சிருந்தா கொஞ்சம் தாங்குவான்னான்."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று யாரோ முனகினார்கள். "எவன்டா கேட்டீங்க? பதினெட்டுக் கிண்ணமும் திரும்பி வந்துச்சு, பன்னிக்கு ஊத்துனேன். கோவத்துல ஒரு மாசம் உங்க ஒருத்தன்கிட்டயும் பேசல. அதுகூட உங்களுக்குத் தெரியல" என்றார்.

என் காகிதத்தை ஏஜென்ட் திருப்பி அனுப்பியது எனக்கு ஜூலையில்தான் தெரியும் பாரே. நீ மே மாதமே அதைச் சுமந்துகொண்டு அந்த மேசைக்கு வந்திருக்கிறாய். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாய். நான் கிண்ணத்தைத் தள்ளினேன்.

இக்மே வெளியே போனார். திரும்பி வந்து செல்மோவின் பெயரில் பணத்தைக் கட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவரை உனக்குத் தெரியாதா? "உக்காரு, ஞாயித்துக்கெழம பரதேசி மாதிரி நிக்காத" என்று செல்மோவுக்கு இலவசமாக முடிவெட்டிவிட்டார். இடது பக்கம் கொஞ்சம் ஏற்றம். பையன் காதைக் காப்பாற்றிக்கொண்டான்.

நேற்று ஆட்டம். உன் மகன் ஆடிய அழகை எழுத எனக்குப் பேனா போதாது. எட்டுக்கு எட்டு, ஒன்பதுக்கு ஒன்பது என்று இழுத்து, கடைசி ஆட்டமும் கடைசிப் பந்தும் வந்தது. உன்னுடையதைவிடக் கஷ்டமான பந்து, ஆனால் போடக்கூடியதுதான். அவன் குனிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த ஒரு பந்துக்காக அவன் உயிரையே கொடுத்திருப்பான். அதை நான் சத்தியம் செய்வேன், அங்கிருந்த எல்லோரும் செய்வார்கள். பந்து குழிக்குள் அரைவாசி போய் வெளியே துப்பப்பட்டது.

செல்மோ நிமிர்ந்தான். கோலை இடது கைக்கு மாற்றினான். வலது கை மேலே போய்க் காது மடலைப் பிடித்து இழுத்தது.

யாருக்குச் சைகை செய்கிறான்? ஒருவருக்கும் இல்லை. அவமானம் தாங்காமல் கை எங்கே போவது என்று தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். அப்பனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அப்படியென்றால் ஹாரோவில் நீ இழுத்ததெல்லாம் என்ன? நடிக்கும்போதும் கொஞ்சம் வெட்கப்பட்டாயோ? தெரியவில்லை பாரே. என்னால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நீ காதைத் தொட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அதில் இனி எனக்கு ஒரு கேள்வியும் இல்லை.

அன்றைக்குப் போலவே ஹாலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. செல்மோ கோலைக் கழற்றிப் பையில் வைக்க ஆரம்பித்தான். அப்போது வாசலில் ஆவி பறக்கக் கிண்ணங்கள் வந்தன. காலை பத்து மணிக்கே நான் சொல்லிவைத்திருந்தேன். ஜெயித்தாலும் தோற்றாலும் அனுப்பச் சொல்லி.

என் முழங்காலோடு எழுந்து போய் முதல் கிண்ணத்தை எடுத்து, நின்றபடியே, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டேன். நாக்கு வெந்துவிட்டது. இரண்டாவது இக்மே எடுத்தார். பிறகு ஹால் முழுக்கக் கரண்டிச் சத்தம்தான். செல்மோ என் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டு, இன்னொன்று கேட்டான்.

பத்தொன்பது கிண்ணம் சொல்லியிருந்தேன். ஒன்று பலகைக்குப் பக்கத்தில், என் முக்காலியின் அருகில், யாரும் தொடாமல் இருந்தது. யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சாயங்காலம் மனாங் பாசிங் அதை எடுத்துக்கொண்டு போகும்போது, "இதப் பன்னிக்கு ஊத்த மாட்டேன். அவன் வரட்டும், புதுசாச் செஞ்சு தர்றேன். ஆனா எனக்கு எண்பத்து மூணு, சொல்லிடு" என்றார்.

சொல்லிவிட்டேன். வா பாரே. ஒன்றும் விளக்க வேண்டாம், காதைக்கூடத் தொட வேண்டாம். நான் பசியோடு இருக்கிறேன்.

உன் பாரே,
கிரிசாந்தோ