மருமகளுக்குச் சம்பளம்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, அத்தைக்கு ஒன்றுமில்லை. இந்த இரண்டு அறை வீட்டில் போனில் எதைப் பேசினாலும் அவர் காதில் விழுகிறது. பக்கவாதத்தில் போனது இடது கையும் காலும்தான், காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. அதனால் அவர் மதியம் கண்ணயரும் நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்றாவது ஹோம் நர்ஸும் போய்விட்டாள். முதலில் வந்தவளுக்கு அத்தை வைத்த பெயர் 'செல்போன்'. இரண்டாமவள் 'கொட்டாவி'. இந்த மூன்றாமவள் முன்பு தையல் வேலை செய்தவள், அதனால் 'தையல்காரி'. மனம் கோணாமல் பார்த்துக்கொண்டாள். அத்தையின் ரவிக்கையை எல்லாம் வலது கையால் மட்டுமே போட்டுக்கொள்ளும்படி முன்பக்கம் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். போன திங்கட்கிழமை ஏஜென்சிக்காரன் போன் பண்ணி, "மேடம், அவங்கள வேற வீட்டுக்கு மாத்திட்டோம். நாளைக்கு வேற ஆள் அனுப்புறேன்" என்றான். அந்த வீட்டில் நம்மைவிட அதிகம் கொடுக்கிறார்களாம். நாளைக்கு என்று சொன்ன ஆள் இன்னும் வரவில்லை.

ஆள் இல்லாத நாட்களையெல்லாம் சேர்த்து, நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு நாள் லீவு போட்டாயிற்று. நேற்று முதலாளியே போன் பண்ணினார். "பதினோரு வருஷமா இருக்கீங்க, அதனாலதான் பொறுமையா கேக்குறேன். வருவீங்களா, மாட்டீங்களா?" என்றார். லென்ஸ் பொருத்த அங்கே வேறு கை இல்லை.

வாலு, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். வேலையை விட்டுவிட்டு நானே முழு நேரமும் அத்தையைப் பார்த்துக்கொள்கிறேன். ஏஜென்சிக்கு மாதாமாதம் அனுப்புவதை எனக்கு அனுப்பிவிடு. அதில் பாதிதான் அந்தப் பெண்களின் கைக்குப் போகிறது என்று தையல்காரி சொன்னாள். நீ முழுதாகக்கூட அனுப்ப வேண்டாம், கடையில் நான் வாங்கும் சம்பளத்தைக் கொடுத்தால் போதும். யோசித்து எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 21

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் கேட்கிறீர்கள். வெளியாள் கேட்டால் கொடுக்கிறோம், சரி. நீங்கள் இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. உங்கள் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவள் நான். நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அண்ணன் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

வீட்டுச் செலவுக்கு வேண்டும் என்று சொல்லுங்கள், அனுப்புகிறேன். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். சம்பளம் என்று மட்டும் சொல்லாதீர்கள். வேறு ஏஜென்சி விசாரித்திருக்கிறேன். விவரம் தனியாக வரும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 3

வாலுக்கு,

'நாத்தனார்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பதிலுக்கு நானும் விறைப்பாக ஆரம்பிக்கப் பார்த்தேன், வேறு பெயர் வாயில் வரவில்லை.

அண்ணன் இருந்திருந்தால் என்று எழுதியிருக்கிறாய். இருந்திருந்தால் அவர் காலையில் எட்டரைக்கு ஆபீஸ் கிளம்பியிருப்பார். சாயங்காலம் வந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தெளிவா இருக்காங்களே" என்றிருப்பார். மற்றதை நான்தான் செய்திருப்பேன். அவரைக் குறை சொல்லவில்லை. போய் ஐந்து வருஷமாகியும் அவர் சட்டை ஒன்று இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. நடந்திருக்கக்கூடியதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் ஒரு நாளை உனக்கு எழுதியதே இல்லை. ஐந்தரைக்கு எழுந்து டயப்பர் மாற்றுகிறேன். முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குளிப்பாட்ட ஒரு மணி நேரம். வாய்க்கு ஊட்ட முக்கால் மணி, அவசரப்பட்டால் புரையேறுகிறது. போன புதன்கிழமை குளியலறையில் என் கை வழுக்கி இருவரும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டோம். அடி இல்லை. எழுந்திருக்க முடியவில்லை. கீழ்வீட்டு டிரைவரைக் கூப்பிடுகிறேன் என்றால் அத்தை விடவில்லை. "இந்தக் கோலத்துல ஆம்பளை பார்க்கணுமா? நீ இரு, நானே எந்திரிக்கிறேன்" என்று வலது கையைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்தார். பிறகு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எப்படியோ ஏற்றினேன். அன்றிலிருந்து என் இடுப்பு சரியில்லை.

செலவுக்கு வேண்டுமென்றால் கேள் என்கிறாய். கேட்டு வாங்குவதற்கும் உழைத்து வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எனக்கு நாற்பத்து நாலு வயது. அத்தைக்குப் பிறகும் நான் இருப்பேன். அன்றைக்கு என் கையில் என்ன இருக்கும்?

ஒன்றாம் தேதியிலிருந்து கடைக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அதற்குள் நீ பார்த்த ஏஜென்சியில் ஆள் போடு. நீ சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அத்தைக்குச் சாயங்காலமும் காலையும் நான் இருக்கிறேன். அதற்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அண்ணி


மார்ச் 16

அன்புள்ள அண்ணி,

உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுதுங்கள்.

அம்மாவைத் தூக்கும்போது அக்குளில் கை கொடுக்காதீர்கள். செயலிழந்த தோள் சுலபமாக நழுவிவிடும். நாற்காலியை அம்மாவுக்கு வலது பக்கம், அசைவு உள்ள பக்கம், கட்டிலோடு ஒட்டிப் போடுங்கள். அம்மாவின் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் இடது முழங்கால் மடங்காமல் உங்கள் முழங்காலால் முட்டுக் கொடுங்கள். குனியாதீர்கள், உங்கள் முழங்காலை மடக்குங்கள். மூன்று எண்ணிவிட்டு, அம்மாவையும் சேர்ந்து எழச் சொல்லுங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் நினைப்பதுபோல் நான் இப்போது ஆபீஸ் கணக்குப் பிரிவில் இல்லை. அந்த வேலை போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இங்கே ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வீட்டில் வேலை செய்கிறேன். எண்பத்தாறு வயது. அவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். அம்மாவுக்கு நான் அனுப்புவது யாரோ ஒருவருடைய அம்மாவைப் பார்த்துக்கொண்டு வாங்கும் காசு. வெட்கமா என்றால் வேலையில் வெட்கம் இல்லை. அம்மாவை விட்டுவிட்டு இந்த வேலையா என்று ஒரு கேள்வி வருமே, அதற்குத்தான் பயம்.

அந்த அம்மாவின் மகள் இதே ஊரில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து கதவருகிலேயே கேட்பார், "அம்மா எப்படி இருக்காங்க?" நான் சொல்வேன், "நல்லா இருக்காங்க." அந்த வாரம் முழுக்க அந்த அம்மா மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார். இருந்தாலும் நல்லா இருக்காங்க என்றுதான் சொல்வேன். மகள் நிம்மதியாகக் காருக்குப் போவார். என் வேலையில் அதுவும் ஒரு பாகம்.

உங்கள் கடிதத்தில் சம்பளம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு அந்த 'நல்லா இருக்காங்க'தான் ஞாபகம் வந்தது. நீங்களும் ஒரு நாள் அதை எழுதிவிடுவீர்களோ என்று பயந்தேன். அம்மாவைப் பற்றி எனக்கு உண்மையை எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை. அந்தப் பயத்தைக் கோபமாக எழுதிவிட்டேன். அண்ணனை இழுத்தது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டதைத் தருகிறேன். கடைச் சம்பளம் அல்ல, ஏஜென்சிக்குக் கொடுத்தது முழுவதும். அம்மாவிடம் என் வேலையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாம்.

உங்கள்
வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

பெல்ட் வாங்கிவிட்டேன். உன் அண்ணனுடைய பெல்ட் அத்தைக்கு எட்டவில்லை, அதனால் புதிது. மூன்று எண்ணினால் அத்தை இரண்டிலேயே எழப் பார்க்கிறார். மற்றபடி நீ எழுதிய வழி நன்றாகவே இருக்கிறது. இடுப்பு தேவலை.

நான் முழுசாக வேலையை விடவில்லை. தையல்காரியைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அந்தப் பெரிய வீட்டில் உட்காரவே விடவில்லையாம், ஏஜென்சியையே விட்டுவிட்டாள். "நேரா உங்க வீட்டுக்கே வர்றேன்மா, பாதி நாள்னா போதும், எனக்கும் தையல் இருக்கு" என்றாள். முதலாளி பத்திலிருந்து மூன்று வரை வந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார். ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை அவள், மற்ற நேரம் நான். ஏஜென்சிக்குப் போனதை எங்கள் இருவருக்கும் பிரித்து அனுப்பு. வாரத்தில் ஒரு நாள் எனக்கு முழு விடுமுறை, அன்றைக்கு அவள் நாள் முழுக்க இருப்பாள். இது என் நிபந்தனை.

அத்தையிடம் மறைக்கப் பிடிக்கவில்லை. உன் வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை, என் சம்பளத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"எவ்வளவு?" என்றார்.

சொன்னேன்.

"அவ்வளவுதானா? நான் என்ன அவ்வளவு லேசான ஆளா?" என்று உன்மேல்தான் கோபித்துக்கொண்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சம்பளம் வாங்கினாலும் அத்தை நல்லா இல்லையென்றால் நல்லா இல்லை என்றுதான் எழுதுவேன். இந்த வாரம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, சளி. இப்போது பரவாயில்லை. உன் தலைமையாசிரியை எப்படி இருக்கிறார்? எனக்காவது உண்மையை எழுது.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 8

அன்புள்ள அண்ணி,

உங்கள் அக்கா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். போனில் பேசினால் பாதிப் பேச்சிலேயே கிளம்பி வந்துவிடுவீர்கள் என்று தெரியும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் வந்திருக்கும் லீவு இருபது நாள், உங்கள் லீவும் இருபது நாள். அதற்கு ஒரு நாள் முன்னால் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

நீங்கள் கிளம்பிய அன்று அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினேன். அம்மா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார வைத்து, காலை நாற்காலியின் கால் பலகையில் எடுத்து வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்ததும் கேட்டார். "உங்க ஆபீஸ்ல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

"கஷ்டமான ஆபீஸ்தான்" என்றார். பிறகு வலது கையால் என் உள்ளங்கையை விரித்து, கிருமிநாசினியில் தோல் உரிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

நல்லா இருக்கிறார் என்று எழுத மாட்டேன். நீங்கள் இல்லாமல் தூக்கம் சரியில்லை. நான் ஊட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். "அவ ஸ்பூன் இப்படி இடிக்காது" என்கிறார். கிட்டத்தட்ட இரண்டு வருஷ அனுபவத்துக்கு இந்தச் சான்றிதழ்! நேற்று தையல்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா, கையிலயும் நாலு காசு இருக்கு. திரும்பி வருவாளா?" என்று கேட்டாராம். என்னிடம் கேட்கவில்லை. நான் என்ன சொல்லட்டும்?

உங்கள்
வாலு


ஜூலை 13

அன்புள்ள வாலுக்கு,

காலையில் ஒன்பது மணி வரை தூங்கினேன். எழுந்ததும் ஏதோ தப்பு நடந்துவிட்டது போல் பதறி, ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்து மறுபடி படுத்துவிட்டேன். அக்கா வந்து, "உயிரோட இருக்கியாடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நேற்று நானும் அவளும் செருப்புக் கடைக்குப் போய் எனக்கு ஒரு ஜோடி வாங்கினோம். என் சம்பளத்தில். இரண்டு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, பிடிக்காமல் திரும்பிப் போய், முதல் கடையிலேயே வாங்கினேன். எவ்வளவு வருஷமாயிற்று இப்படி நேரத்தை வீணடித்து!

ஸ்பூனை வாயின் வலது பக்கமாகக் கொண்டுபோய் நாக்கின் நடுவில் வை. விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டு அடுத்த வாய் கொடு. நடுவில் ஏதாவது ஊர்க்கதை பேசு, ஆனால் அவரைப் பதில் பேச விடாதே. அதை உனக்கு உங்கள் ஆபீஸில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பத்தொன்பதாம் தேதி மதியம் வந்துவிடுவேன். நீ மாலை விமானத்துக்குக் கிளம்புமுன் இரண்டு மணி நேரம் நாம் மூன்று பேரும் சேர்ந்து இருக்கலாம்.

அத்தை கேட்டதற்கு நீயே பதில் சொல்லிவிடு. அவள் வருகிறாள் என்று சொல். பாசத்துக்காக மட்டும் வருகிறாள் என்று பூசி மெழுகாதே, அவருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. சம்பளத்துக்கும்தான் வருகிறாள் என்று சொல். அதைக் கேட்டால்தான் அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

அன்புடன்,
அண்ணி