ஒன்பது புட்டி இருமல் மருந்து

பாய்,

நேற்று மளிகைச் சாமான் வந்தது. பையைப் பிரித்தால் சோம்புப் பொட்டலம் கிழிந்து, கற்பூரப் பொட்டலத்தோடு கலந்து கிடந்தது. இரண்டு வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. திருவொற்றியூர் டிஸ்பென்சரியில், உங்கள் மருந்து அறையின் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. குழந்தைகளுக்கு நீங்கள் கலந்து வைக்கும் இருமல் மருந்தின் வாசனை அது. சோம்பு எண்ணெய், கற்பூரம், அவற்றுக்குள் ஒளிந்துகொண்டு கொஞ்சம் அபின்.

நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. இதையெல்லாம் நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து புது டாக்டராக நான் அங்கே வந்து சேர்ந்தபோது யுத்தம் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. தர்ம டிஸ்பென்சரி. டாக்டர் நான், கம்பவுண்டர் நீங்கள். வாரத்தில் நான்கு நாள் திருவொற்றியூரில் இருப்போம். மற்ற இரண்டு நாள், பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட பழைய வேனில் எண்ணூர் வரை போய், முகத்துவாரத்தைத் தோணியில் கடந்து, அக்கரை மணலில் இருந்த குப்பங்களில் வைத்தியம். அங்கே ஓர் ஓலைக் கொட்டகைதான் ஆஸ்பத்திரி. நான் காகிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். நீங்கள் கட்டிவரும் தகரப் பெட்டியில் இருந்தால்தான் அது மருந்து.

அந்தப் பெட்டியை நீங்கள் கட்டும்போது நின்று பார்ப்பேன். உப்புக்காற்றில் லேபிள் உரிந்துபோகும் என்று புட்டிகளின் மேலேயே பெயிண்டால் பெயர் எழுதியிருப்பீர்கள். மாத்திரை டப்பாக்களின் மூடியை மெழுகு ஊற்றி அடைப்பீர்கள். மழை நின்ற மூன்றாவது வாரம் எந்தக் குப்பத்துக்கு எவ்வளவு கொயினா வேண்டும் என்று கொசு வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீரைச் சுமந்துகொண்டு தோணி ஏற முடியாது என்பதால் திரவ மருந்துகளைக் கெட்டியாகக் கலந்து எடுத்துவருவீர்கள். அக்கரையில் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, ஒரு பங்கு மருந்துக்கு ஏழு பங்கு தண்ணீர் சேர்த்து, அதற்கப்புறம்தான் கொடுப்பீர்கள். குப்பத்துச் சனங்கள் கையில் கிடைத்த புட்டியைக் கொண்டுவருவார்கள். அதன் பக்கத்தில் நீளக் காகிதம் ஒட்டி, ஒரு வேளைக்கு ஒரு கோடு போடுவீர்கள். "வெளக்கு வெச்சதும் ஒரு கோடு, காலைல ஒரு கோடு" என்பீர்கள். கடிகாரம் இல்லாத வீட்டுக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

நான் சொல்லவந்த அந்த நாளில் உங்களுக்கு மலேரியா முறைக்காய்ச்சல், அக்கரைக்கு வர முடியவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டே பெட்டியைக் கட்டினீர்கள். "டாக்டரம்மா, இருமல் மருந்து ரெண்டு பாட்டில் கீது. ரெண்டும் கெட்டி. தண்ணி ஊத்தாம யாருக்கும் குடுத்துராதீங்க" என்றீர்கள். தெரியும் பாய், தெரியும் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.

கொட்டகையில் கூட்டம் நெரித்தது. முதல் புட்டிக்குத் தண்ணீர் சேர்த்தது நன்றாக நினைவிருக்கிறது. அது தீர்ந்த சமயத்தில் முதுகில் கட்டியோடு ஒரு அம்மாள் வந்தாள். கட்டியைக் கீறிக் கட்டுப் போட்டுவிட்டுக் கையைக் கழுவி வந்து, அடுத்த புட்டியைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தேன். உங்களைப் போலவே கோடு போட்டேன். உங்களைப் போலவே விளக்கு வைத்ததும் ஒரு கோடு என்று சொன்னேன். எனக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினேன். நீங்கள் கம்பளியோடு எழுந்து வந்து பெட்டியைத் திறந்தீர்கள். இரண்டாவது புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள்.

"டாக்டரம்மா, இதுல எவ்ளோ தண்ணி சேத்தீங்க?"

ஒரு வேளைக்கு எட்டு வேளை அபினைக் குழந்தைகள் கையில் கொடுத்திருக்கிறேன். குடித்தால் தூங்குவார்கள். தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும்.

நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. "எத்தினி பேருக்குப் போச்சு?" என்றீர்கள். நோட்டைப் பிரித்தோம். கட்டி வந்த அம்மாளுக்கு அப்புறம் ஒன்பது பேர். ஆனால் நான் எழுதியிருந்த பெயர்களால் பிரயோஜனம் இல்லை. குப்பன் மனைவி, எல்லம்மா குழந்தை, இன்னொரு குப்பன் மனைவி. அக்கரையில் மூன்று குப்பங்கள், வீட்டுக்கு வீடு குப்பன்.

"பேரு கெடக்கட்டும். இன்னா பாட்டில் கொண்ணாந்தாங்க, அத்த சொல்லுங்க."

யோசித்துச் சொன்னேன். பச்சை நிறத்தில் கழுத்து உடைந்த சோடா பாட்டில்.

"முனியன் வூடு. கொயந்தைக்கு ரெண்டு வயசு. அப்புறம்?"

தட்டையாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்று.

"வலை பின்ற எல்லம்மா. அவ தலைக்குத் தேய்க்கிற எண்ணெ பாட்டிலு அது. அப்புறம்?"

கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டு, நீங்கள் ஒவ்வொரு புட்டியாக ஒவ்வொரு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். மூன்று குப்பமும், அதன் குழந்தைகளும், அவர்களுடைய வயதும் உங்களுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, பெட்டிக்குள் மருந்து இருப்பதைப்போல. எட்டுப் புட்டிக்கும் வீடு தெரிந்துவிட்டது. ஒன்பதாவது ஒரு மசிப் புட்டி. அதற்கு மட்டும் கண்ணைத் திறந்தீர்கள்.

"மசி பாட்டிலா? யாருன்னு தெர்லியேம்மா."

விளக்கு வைப்பதற்குள் போய்விட வேண்டும். ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டீர்கள். மூச்சைத் தூண்டும் மருந்து, மெல்லிய ரப்பர் குழாய், காய்ச்சிய தண்ணீர், எல்லாம் நான் கேட்காமலே பைக்குள் போயிற்று. வேன் எண்ணூரில் நின்றதும் தோணிக்கு ஓடினோம்.

தோணியில் நான் சொன்னதை இப்போது எழுதக் கூசுகிறது. "பாய், இதைவிட நல்ல மருந்து வந்திருக்கு என்று சொல்லி மாற்றிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். அந்தச் சனங்களை நம் மருந்தைக் குடிக்கவைக்க நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதெல்லாம் பாழாகிவிடுமே என்று கேட்டதாகத்தான் அன்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் என் வேலையை நினைத்துக் கேட்டேன்.

"அப்டி சொன்னா பாதி பேரு ஒளிச்சி வெச்சிக்குவாங்கம்மா" என்றீர்கள். "மருந்துன்னா வுடுவாங்களா? குடிச்சா உசுருக்கு ஆபத்துன்னு சொன்னாத்தான் கைல குடுப்பாங்க."

முதல் வாசலில் முனியன் வலையை உதறிக்கொண்டிருந்தார். "நைனா, காலைல குடுத்த மருந்து தப்பாப் பூட்ச்சி. எங்க தப்பு. கொயந்தைக்கு ஊத்தாத, இங்க குடு" என்றீர்கள். அவர் உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய்ப் பச்சைப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வாசல். அதற்கடுத்த வாசல். எல்லம்மா கத்தினாள். "உன்ன நம்பித்தான பாய் ஊத்துறோம்! நீயே இப்டி பண்ணா?" தலையைக் குனிந்துகொண்டு கேட்டீர்கள். திட்டி முடிக்கும்வரை நின்று, புட்டியை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தீர்கள். எட்டு வாசலிலும் எங்க தப்பு, எங்க தப்பு என்று சொன்னீர்கள். நான் உங்கள் பின்னால் நின்றிருந்தேன்.

எட்டாவது வீட்டில்தான் மசிப் புட்டியைப் பற்றித் தெரிந்தது. அவள் குப்பங்களுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கிளிஞ்சல் ஏற்றிவந்த படகுக்காரப் பெண். காலையில் படகு நின்றிருந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். படகு அப்போதே வடக்கே கிளம்பிவிட்டது.

கால்வாய்க் கரையோடு நடந்தோம். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. நீங்கள் நடுங்கிக்கொண்டே நடந்தீர்கள். இரண்டு முறை உட்கார்ந்தீர்கள். நான் மட்டும் போகிறேன் என்றேன். "படகுல கீறவன் உங்கள நிக்க வெச்சி ஆயிரம் கேள்வி கேப்பான். வாங்க" என்று எழுந்துவிட்டீர்கள். கடைசியில் ஒரு வளைவில் அந்தப் படகு கட்டியிருந்தது. அதில் சிம்னி விளக்கு ஏற்றியாகிவிட்டது.

"மருந்து ஊத்திட்டியாம்மா?"

"வெளக்கு வெச்சதும் ஊத்துனேன். இருமல் நின்னு தூங்குதுங்க" என்றாள் அவள், சந்தோஷமாக.

எட்டு மாதக் குழந்தை. அபின் ஏறியதில் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. குழாயை இறக்கி வயிற்றைக் கழுவினேன். என் கை நடுங்காததற்குக் காரணம், கேட்பதற்கு முன்பே ஒவ்வொன்றும் என் கைக்கு வந்ததுதான். தண்ணீர் வந்தது, துணி வந்தது, ஊசி வந்தது. அந்தப் பெண் அலறினாள். அவளுடைய புருஷன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். நீங்கள் குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "எங்க தப்பு நைனா. அடிக்கணும்னா அப்பால அடி. இப்ப கொயந்த தூங்கக் கூடாது" என்றீர்கள். அவன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு நம் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். நீங்கள் சுண்டிக்கொண்டே இருந்தீர்கள். மேற்கே வெளிச்சம் முழுதாகப் போவதற்குள் குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்கு ஈடாக என் காதுகள் வேறெதையும் கேட்டதில்லை. பால் குடிக்கும்வரை அங்கேயே இருந்தோம். தாய் மசிப் புட்டியை எடுத்துக் கால்வாயில் வீசி எறிந்தாள். குழந்தையை அணைத்துக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

திரும்பும்போது கேட்டேன். "தப்பு என்னுடையது. எங்க தப்பு என்று ஏன் சொன்னீர்கள்?"

"பொட்டி கட்னது நானுதானம்மா. கெட்டி மருந்த குடுக்குற பாட்டில் மாரியே வெச்சிட்டேன். அத்த பாத்தா யாருக்கும் ஊத்தத்தான் தோணும்."

அடுத்த வாரத்திலிருந்து கெட்டி மருந்துப் புட்டிகள் ஒவ்வொன்றும் துணிப்பைக்குள் போயின. பையின் வாயில் மூன்று முடிச்சு. "மூணு முடிச்சு அவுக்குறதுக்குள்ள தண்ணி ஞாபகம் வந்துரும்" என்று சிரித்தீர்கள். குப்பத்தில் இரண்டு வாரம் யாரும் கொட்டகைப் பக்கம் வரவில்லை. நீங்கள் பெட்டியைத் திறந்துவைத்துக் காத்திருந்தீர்கள். மூன்றாவது வாரம் முதல் ஆளாக எல்லம்மா வந்தாள். "தப்புன்னா வந்து சொல்ற ஆளு வேற யாரு கீறாங்க?" என்று புட்டியை நீட்டினாள். அதற்கப்புறம் எல்லோரும் இது என்ன மருந்து, எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். உங்களுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

இனி, எழுதத் தைரியம் வராத பகுதி.

விஷயம் டிஸ்பென்சரிக் கமிட்டிக்குப் போயிற்று. மருந்துக்குப் பொறுப்பு கம்பவுண்டர்தானே என்று உங்களைக் கூப்பிட்டார்கள். அங்கேயும் எங்க தப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, சம்பள உயர்வு நின்றது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. ஊரிலிருந்து முதன்முதலாக வெளியே வந்து வேலை பார்க்கும் பெண், இந்த வேலை போனால் திரும்பிப் போக வேண்டியதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடிதத்தை நீங்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். மறுநாளும் "டாக்டரம்மா, பொட்டி ரெடி" என்று அதே குரலில் கூப்பிட்டீர்கள். அப்புறம் எட்டு வருஷம் உங்களோடு வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போனேன், பெரிய பதவிகளில் இருந்தேன். போன மாதம் ஓய்வு பெற்றேன். பாராட்டுக் கூட்டத்தில் பேசிய ஒருவர், முப்பது வருஷத்தில் கை தவறாத டாக்டர் என்று என்னைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பதில் சொல்ல எழுந்தேன். நன்றி சொல்லத்தான் எழுந்தேன், பாய். ஒன்பது குழந்தைகளுக்கு நான் விஷம் கொடுத்ததையும், காய்ச்சலோடு அதைத் திருப்பி வாங்கிய ஒருவர் எனக்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கியதையும் சொன்னேன்.

அதைச் சொல்ல எனக்கு முப்பது வருஷம் பிடித்தது. வேலையும் முடிந்து, இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் வாய் திறந்தது. நீங்கள் ஒரே சாயங்காலத்தில், நிற்க முடியாத உடம்போடு, உங்களை நம்பிய சனங்களின் முகத்தைப் பார்த்தே சொல்லி முடித்தீர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது.