துவைக்காத துண்டு

என் தங்க நைனாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டு என்ன பண்ண? முதலில் ஒரு சேதி. உன் பூனை என்னைக் கடித்துவிட்டான். இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, பல் நன்றாக இறங்கிவிட்டது. நாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசியை எனக்கும் போட்டார்கள்.

நீ இருந்திருந்தால் என் கையைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாய். "தொரைய இன்னா பண்ண நீ?" என்றுதான் கேட்டிருப்பாய். போ நைனா, உன்னைத் தெரியாதா எனக்கு?

மாங்கூழ் ஃபேக்டரியில் நீ வாட்ச்மேனாக இருந்தபோது, காலி மாம்பழக் கிரேட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் கத்திக்கொண்டு கிடந்த குட்டி அவன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாய். வந்த மூன்றாம் நாளே உன் நாற்காலியில் ஏறிக் கால் நீட்டிப் படுத்துவிட்டான். நீ தரையில் உட்கார்ந்துகொண்டு, "தொரை தூங்கறாரு, சத்தம் போடாத" என்றாய். அன்றிலிருந்து அவன் தொரை. அம்மா போன பிறகு புத்தூர் பக்கத்து அந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும்தான்.

தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாயே. "உன் தம்பி துன்னுட்டான்மா. நீ துன்னியா?" எனக்கு வரும் பாரு கோவம்! "பூனைய எனக்குத் தம்பின்னு சொல்லாத நைனா, மானம் போவுது" என்று கத்துவேன். பக்கத்தில் சேகர் விழுந்து விழுந்து சிரிப்பார். உன் மாப்பிள்ளைதான் தெலுங்குக்காரர் ஆயிற்றே, கார் ஓட்டிவிட்டு வந்ததும் "தம்முடு தின்னாடா?" என்று அவரும் சேர்ந்து கேட்பார். தம்பி துன்னானாம். என்ன ஒரு கிண்டல். நீ போன பிறகு அந்தக் கேள்வியை அவர் நிறுத்திவிட்டார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நினைவிருக்கிறதா உனக்கு? மூக்கில் வைத்திருந்த குழாயை நீயே தள்ளிவிட்டு, "தொரைய யாரு பாத்துக்குவாங்க?" என்றாய். "நான் பாத்துக்கறேன், நீ பேசாத நைனா" என்றேன். அதற்கப்புறம் நீ பேசவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? இன்னும் நாலு வார்த்தை பேச விட்டிருக்கலாம்.

உன்னை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தபோது அவன் அதற்கு அடியிலேயே கிடந்தான். எத்தனை பேர் விரட்டினாலும் போகவில்லை. கருமாதி அன்று வீடு முழுக்கக் கழுவினோம். உன் பாய், தலைகாணி, துணிமணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆற்றில் விடக் கொண்டுபோனார்கள். அப்போதுதான் உன் தங்கச்சி, ராணி அத்தை, தொரையைப் பார்த்தாள். "பொணத்துகிட்டயே கெடந்த பூன. தீட்டு. மஞ்சத் தண்ணி ஊத்தாம ஊட்டுக்குள்ள சேக்காத" என்றாள்.

நான்தான் ஊற்றினேன் நைனா. அத்தை சொன்னாள் என்று தப்பிக்க மாட்டேன். கழுத்தைப் பிடித்து அழுத்தி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட நீ அவனைக் குளிப்பாட்டியதில்லை. அவன் கத்திய கத்தல் மனுஷக் குழந்தை கத்தியதுபோலவே இருந்தது. நல்லது பண்றோம் என்றுதான் நினைத்தேன். ஈரம் காய்வதற்குள் ஒரு கிரேட்டில் வைத்து, மேலே இன்னொரு கிரேட்டைக் கவிழ்த்துக் கட்டி, திருப்பதி பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே என் வீட்டில்தான் ஏற்கெனவே மூன்று பேர். நாய் மணி, பூனைகள் லட்டு, பூந்தி. மூன்றும் எங்கள் தெருவில் கிடைத்தவை. சொந்தக்காரர்களைப் பந்தியில் ஒன்றாக உட்கார வைப்பதுபோல, நாலு பேரையும் கூடத்தில் விட்டு நடுவில் ஒரே தட்டில் மீன் சோறு வைத்தேன். என் புத்தியை எதால் அடிக்க? தட்டு ஒரு பக்கம் பறந்தது, தொரை ஒரு பக்கம் பறந்தான். மணி குரைத்த குரைப்பில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பீரோவுக்கு அடியில் குடியிருப்பு. யார் நடந்தாலும் காலில் ஒரு பிறாண்டல். படுக்கையில் மூத்திரம், சேகரின் வெள்ளை யூனிஃபார்மில் மூத்திரம். ஒரு நாள் பூந்தியின் காதைக் கிழித்துவிட்டான். இரண்டையும் பிரிக்கிறேன் பேர்வழி என்று நடுவில் கையை விட்டேன். அப்போதுதான் இந்தக் கடி.

சேகர் என் கைக்குக் கட்டுப் போட்ட பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கிழம ஏர்பேடு பக்கம் வுட்டுட்டு வந்துடறேன். வயலு இருக்கு, எலி இருக்கு. பொழச்சிக்குவான்." கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. வயலாவது எலியாவது! நாற்காலியில் உட்கார்ந்து, நீ முள் எடுத்து ஊட்டிய மீனில் வளர்ந்தவன், அவனா எலி பிடிப்பான்?

மறுநாளே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு டாக்டரம்மா. அவனைத் தொடவே இல்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவனுக்குக் கோபம் இல்லம்மா, பயம்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், குளிப்பாட்டியதையும் சொன்னேன். பூனைக்கு வாசனைதான் வீடாம். வளர்த்தவரும் போய், வீடும் போய், கடைசியில் அவன் உடம்பில் ஒட்டியிருந்த அவனோட சொந்த வாசனையையும் நான் கழுவிவிட்டேனாம். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

தனி அறை கொடு, தனித் தட்டு, தனி மணல் தட்டு. ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி. அதட்டாதே, தூக்காதே, தானாக வரட்டும். கதவுக்கு அந்தப் பக்கம் அவனுக்கும் இந்தப் பக்கம் மற்றவர்களுக்கும் ஒரே நேரத்தில் சோறு வை. ஒருவர் படுத்த துணியை இன்னொருவர் பக்கம் போடு. மறுபடி சண்டை போட்டால் நடுவில் கையை விடாதே, ஒரு அட்டையை நீட்டு. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தெலுங்கில் ஒன்று கேட்டாள். "உதகனி பட்ட ஏமைனா உந்தாம்மா?" அந்த வீட்டிலிருந்து, துவைக்காத துணி ஏதாவது இருக்கிறதா?

"லேது" என்றேன். இல்லை என்று பொய் சொன்னேன் நைனா.

அந்த மூட்டையிலிருந்து உன் நீலக் கட்டம் போட்ட துண்டை மட்டும் நான் உருவிவிட்டேன். நீ தலையில் கட்டுவாயே, தொரை மடியில் படுக்கும்போது கீழே விரிப்பாயே, அது. ஆற்றுக்குப் போகவேண்டியதை வீட்டில் வைத்தால் ஆகாது என்று அத்தை குதிப்பாள். சேகருக்கும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு, இறுக்கி முடிந்து, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். தாங்க முடியாதபோது மட்டும் பிரிப்பேன். பீடி, வேர்வை, மாங்கூழ். கண்ணை மூடினால் நீ பக்கத்தில் நிற்பாய். நிறைய மோந்தால் தீர்ந்துவிடுமோ என்று உடனே முடிந்துவிடுவேன். எனக்கென்று உன்னிடமிருந்து மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைப் போய் ஒரு பூனைக்குக் கொடுப்பதா?

கொடுக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் செய்தேன். சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தேன், பெட்டி வைத்தேன், நெத்திலி பொரித்து வைத்தேன். அவன் அந்த அறைக்குள் போனதிலிருந்து ஒரு வாய் துன்னவில்லை. ஒரு நாள் போனது, இரண்டாவது நாளும் போனது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், "பூனை இப்படிப் பட்டினி கிடக்கக் கூடாது, ஈரல் கெட்டுவிடும், நாளைக்குள் சாப்பிடாவிட்டால் தூக்கி வா" என்றாள். எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். என்னைப் பார்த்து உறுமக்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் நீ அப்படித்தான் நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாய்.

சனிக்கிழமை மத்தியானம் பீரோவைத் திறந்தேன். கடைசியாக ஒரு தரம் முகத்தில் அமுக்கிக்கொண்டேன். அப்புறம் அதைக் கொண்டுபோய் அவன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அந்த அறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

மூக்கு ஆடியது. எழுந்தான். உன் சைக்கிள் சத்தம் கேட்டால் ஒரு குரல் கொடுப்பானே, அதே குரல் கொடுத்தான். துண்டை மோந்து பார்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். ஜன்னலில் ஏறிப் பார்த்தான். என்னிடம் வந்து என் முகத்தைப் பார்த்து மறுபடி கத்தினான். உன்னை எங்கே என்று என்னைக் கேட்கிறான் நைனா! நான் என்ன சொல்ல? "இல்லடா, நைனா இல்லடா" என்று சொல்லிக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை.

ரொம்ப நேரம் தேடினான். அப்புறம் துண்டின்மேல் ஏறி, முன்னங்காலால் பிசைந்து பிசைந்து, சுருண்டு படுத்தான். சாயங்காலம் நாலு நெத்திலி துன்னான்.

சேகர் அவன் படுத்திருப்பதைக் கதவு இடுக்கில் பார்த்தார். துண்டு யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஏர்பேடுக்குக் காரை எடுக்கவில்லை.

அப்புறம் நாலு பேரையும் பழக்குவது வாரக்கணக்கில் நடந்தது. துணி மாற்றிப் போட வேண்டுமே, தொரை பக்கத்திலிருந்து எதைப் போடுவது? அவன் வேறெதிலும் படுக்கவே இல்லை. உன் துண்டை நானே இரண்டாகக் கிழித்தேன். பாதியை லட்டுவும் பூந்தியும் படுக்கிற இடத்தில் போட்டேன். மணி அதை வாயில் கவ்விக்கொண்டு ஓடினான், துரத்திப் பிடுங்கினேன். சிரிக்கிறாயா? சிரி. இப்போது கதவைப் பாதி திறந்து வைக்கிறேன். லட்டு எட்டி உட்கார்ந்து பார்க்கிறாள், தொரை ஒரு சீறல் சீறிவிட்டுச் சோற்றைத் துன்னுகிறான். பூந்தி இன்னும் கிட்டே போகவில்லை. அவள் காதுக்கு அவள்தானே சொந்தக்காரி.

நேற்று சாயங்காலம் அறையைப் பெருக்கும்போது அந்தப் பாதித் துண்டை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். பீடி இல்லை. மாங்கூழ் இல்லை. நீ இல்லை. வெறும் பூனை வாசனை. இன்னொரு பாதியையும் ஓடிப்போய் எடுத்து மோந்தேன், அதிலும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன்னை இரண்டாவது தரம் அனுப்பிவிட்டேன், இந்தத் தரம் என் கையாலேயே.

துண்டைத் தேடிக்கொண்டு தொரை வந்தான். என் மடியில் கிடந்தது அது. யோசித்தான். அப்புறம் துண்டோடு சேர்த்து என் மடியிலும் ஏறிப் படுத்தான். கடித்த கையைக் கொஞ்ச நேரம் மோந்துகொண்டிருந்தான். நான் அசையவே இல்லை, கால் மரத்துப் போயிற்று. வேலை முடிந்து வந்த சேகர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "தம்முடு தின்னாடா?"

இனி எத்தனை பேர் தீட்டு என்று சொன்னாலும் அவன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டேன், நைனா. அவன் கடைசி மூச்சு வரைக்கும் என் வீட்டில்தான் இருப்பான், நாற்காலி அவனுக்குத்தான். தினம் சாயங்காலம் நீ போன் பண்ணுகிற நேரத்துக்கு நானே உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

இன்னிக்கு அவன் துன்னுட்டான் நைனா. நானும் துன்னுட்டேன்.

உன் பொண்ணு,
தொரையோட அக்கா